இரண்டாவது சுருளின் இரைச்சல்

தோர்ண்டன் ஹீத்
6 ஜனவரி 2025

கிருசா,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். போன் எடுத்தாலும் நீ கதைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது கடிதம்தான். நீ ஸ்டுட்கார்ட்டில் இருந்த காலத்தில் உனக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு ஜேர்மன் தெரியாது என்று அக்காவும் தங்கையுமான எங்கள் இரண்டு அம்மாமாரும் எங்களை இருத்தி வைத்துத் தமிழில் எழுத வைத்தார்கள். இப்போது யாரும் இருத்தி வைக்காமலே எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியம்மாவிடம் காட்டாதே.

தீபாவளி அன்று குட்மேய்ஸில் எங்கள் வீட்டில், பதினெட்டுப் பேருக்கு முன்னால், நீ பாடி முடித்ததும் நான் சொன்னது: "கடைசி நோட் பாட்டில்லையடா, கத்தல். வேற வேலை பார்." முதல் பாதி காதால் அளந்தது. அதில் மாற்றமில்லை. இரண்டாம் பாதி தேவையற்றது. இரண்டாம் பாதிக்கு மட்டும் மன்னிப்பு.

மூன்று கிழமை வாயே திறக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதாக அம்மா சொன்னார். தொண்டைக்குள் என்ன கண்டார்? பெரியம்மாவைக் கேட்டால் "கொஞ்சம் வீங்கியிருக்காம்" என்கிறார். கொஞ்சம் என்பது அளவு இல்லை. நீ எழுது.

என் பக்கம்: ஹாலிங்கரின் இறுவட்டு விருதுக்கான கடைசிப் பட்டியலில் வந்திருக்கிறது. ஏப்ரலில் முடிவு. ஒரு செத்துப்போன அமெரிக்கப் பாடகரின் பழைய நாடாக்களைத் துடைத்துச் சிடியாக்கிக் கொடுத்ததற்கு விருதா என்று அப்பா கேட்கிறார். குரொய்டனில் எங்கள் ஸ்டூடியோவில் முதலாளி கேக் வெட்டினார். உனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்தேன். பிறகு நானே சாப்பிட்டேன்.

ஹரிசன்


சட்டன்
13 ஜனவரி 2025

ஹரிசன் அண்ணா,

பாதி மன்னிப்பு வந்து சேர்ந்தது. பாதியாகவே ஏற்றுக்கொள்கிறேன். வாட்ஸ்அப் தடை மற்றப் பாதி வரும்வரை நீடிக்கும்.

வீட்டில் ஒரு வெள்ளைப் பலகையும் பேனையுமாகத் திரிகிறேன். நான் ஊமையாக இருப்பதால் எனக்குக் காதும் கேட்காது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். "தேத்தண்ணி வேணுமோ?" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கத்தக்கதாகக் கத்துகிறார். 'எனக்குக் காது கேட்கும்' என்று எழுதிக் காட்டினேன். "ஓமடா, தெரியும்!" என்று அதையும் கத்தித்தான் சொன்னார்.

அளவு கேட்டாய். மூக்கால் கமரா விட்டுப் பார்த்தார்கள். வலப்பக்கக் குரல்நாணின் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி, அரை அரிசி அளவு. அது இரத்தக்குழாய். பாடும்போது வெடித்தால், இப்போதுள்ள குரல் திரும்ப வரும் என்று சொல்ல முடியாதாம். மூன்று கிழமை மௌனம், பிறகு மெல்ல மெல்ல. மார்ச் 7 எனக்குக் குரல் தெரிவு. ஒபரா ஸ்டூடியோவில் இந்த வருடம் பாரிடோனுக்கு, என் மாதிரி நடுத்தர ஆண்குரலுக்கு, இருப்பது ஒரே ஒரு இடம். வயது எல்லை இருபத்தெட்டு, எனக்கு இருபத்தெட்டு. அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

விண்ணப்பத்தில் என்ன பாட்டுப் போட்டிருக்கிறேன் தெரியுமா? உன் இறுவட்டின் கடைசிப் பாட்டு.

ஹாலிங்கர் நெப்ராஸ்காவில் மாவரைக்கும் ஆலைக்காரரின் மகன். கோதுமை மா விளம்பரத்துக்கு ரேடியோவில் பாடியவர். நியூயோர்க்கில் பதினொரு வருடம் துணைப் பாத்திரம். ஆறு மாதத்துக்கென்று லண்டனுக்கு வந்து இருபத்தாறு வருடம் இருந்து பதினான்கு எல்பி. 1978இல் குரல் போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு 1987இல், அறுபத்துமூன்று வயதில், பிரியாவிடைக் கச்சேரியில், எல்லாம் முடிந்து சனம் எழும்பும் நேரம், திரும்ப வந்து அந்தப் பாட்டை எடுத்து, அந்த மேல் ஜி நோட்டில் போய் நிற்கிறார் பார்! அறுபத்துமூன்றில்! குரலை ஒடுக்கி, பளிச்சென்று, கம்பி மாதிரி. அதிர்வு கூட இளைஞனுடையது மாதிரிக் கெதியாக ஓடுகிறது. வெளிவரும் முன்பே நீ உன் கையால் எனக்குத் தந்தாய். அன்றிலிருந்து ஒரு நாளும் அதைக் கேட்காமல் விட்டதில்லை.

அதற்கு அரைப்படி கீழே, எஃப் ஷார்ப் வரைக்கும் எனக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து சும்மா வரும். அந்த அரைப்படிதான் வராமல் நின்றது. என் ரீச்சர் றஜீனா "உன் குரல் அப்படி ஒடுங்காது, விடு" என்கிறா. அந்த மனிதரால் முடிந்தது எனக்கேன் முடியாது?

ஒரு உதவி. அந்த ஒரு நோட்டை உன் மெஷினில் போட்டுப் பிரித்துக் காட்டு. அதிர்வு எவ்வளவு, எந்த இடத்தில் பளிச்சிடுகிறது, எல்லாம். எனக்கு வழி தெரிந்தால் பிடித்துவிடுவேன்.

கிருசாந்தன்


தோர்ண்டன் ஹீத்
21 ஜனவரி 2025

கிருசா,

நீ கேட்ட அந்த நோட்டின் வரைபடம் இன்னும் தயாரில்லை.

அந்தப் பாட்டைத் துடைக்கும் முன் சேமித்த பழைய வேலைக் கோப்பைத் திறந்தேன். அடியில் ஒரு கோடு தெரிகிறது. சுவர் மின்சாரத்தின் இரைச்சல். இந்த நாட்டில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தரம் அதிர்கிறது. அந்த 'ம்ம்' சத்தம் இங்கே பதிவான பழைய நாடா எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். கச்சேரியின் முதல் நாடாச் சுருளில் கோடு ஐம்பதில் நிற்கிறது. சரி. கடைசிப் பாட்டு இரண்டாவது சுருள். அதில் ஐம்பத்து மூன்றில் நிற்கிறது. அங்கே நிற்கக் கூடாது.

ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அதுவரை அந்தப் பாட்டை வைத்துப் பழகாதே. மௌனம் முடிந்தாலும் அதை எடுக்காதே. வேறு பாட்டு மூன்று வைத்திருக்கிறாய்தானே. அவற்றைப் பார்.

காரணம் இப்போது கேட்காதே.

ஹரிசன்


சட்டன்
3 பெப்ரவரி 2025

ஹரிசன் அண்ணா,

ஐம்பத்து மூன்று என்றால் என்ன, பஸ் நம்பரா? நான் ஒரு நோட்டைக் கேட்டேன். நீ எனக்குச் சுவரின் கரண்டைப் பற்றி எழுதுகிறாய்.

மௌனம் 25ஆம் தேதி முடிந்தது. முதல் நாள் மெல்ல முனகினேன், இரண்டாம் நாள் கொஞ்சம். 29ஆம் தேதி காலை பத்தரைக்கு, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், உன் இறுவட்டைப் போட்டு அதோடு சேர்ந்து பாடினேன். வந்தது, அண்ணா. ஜி. நாலு செக்கன். அவர் குரலும் என் குரலும் ஒன்றாகி, எது யாருடையது என்று தெரியாமல் நின்றது. நான் கதிரையில் இருந்து அழுதேன்.

பின்னேரம் வரைக்கும் கதைக்கக் குரல் வரவில்லை. நோவு இல்லை. நோவு இல்லாவிட்டால் பயமில்லைத்தானே. இப்போது ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுக்கிறேன். எடுத்த நாள் பலகை, எடுக்காத நாள் வாய்.

றஜீனா ரீச்சர் இனி வரமாட்டா. "உன்னைக் கெடுக்கிறது அந்த டிஸ்க்தான், அதை எறிஞ்சுபோட்டு என்னட்ட வா" என்று போய்விட்டா. நான் அவவுக்கு உன் இறுவட்டோடு வரும் சிறுபுத்தகத்தைத் திறந்து காட்டினேன். கடைசிப் பக்கம், உன் பெயருக்கு மேலே: 'இந்தப் பதிவில் எதுவும் கூட்டப்படவில்லை, எதுவும் குறைக்கப்படவில்லை.' நீ எழுதியது.

உண்மையைச் சொல். பதினெட்டுப் பேருக்கு முன்னால் கத்தல் என்று சொன்னாய். இப்போது நோட் வந்துவிட்டது என்றால் உன் சொல் பொய்த்துப்போகும். அதனால்தானே 'எடுக்காதே, காரணம் கேட்காதே'?

மார்ச் 7 முடியும்வரை எனக்கு எழுதாதே. எழுதினாலும் வாசிக்க மாட்டேன். மனம் குழம்பக் கூடாது.

கிருசாந்தன்


தோர்ண்டன் ஹீத்
19 பெப்ரவரி 2025

கிருசா,

வாசிக்க மாட்டேன் என்றாய். வாசி. இதை மட்டும் வாசி.

ஹாலிங்கர் அன்று ஜி பாடவில்லை. எஃப் ஷார்ப் பாடினார். ஜி நான் செய்தது.

நடந்தது இது. போன வருடம் மே மாதம், வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி. திங்கள் காலை எல்லாம் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். முதல் சுருள் முடிந்தது. இரண்டாவது சுருளில் இருந்தது அந்த ஒரு பாட்டு மட்டும். அச்சிட்ட இசைத்தாளோடு ஒப்பிட்டால் நாடா அரைப்படி கீழே ஒலித்தது. சுருள் மாற்றும்போது வேறு மெஷினில் பதிந்திருப்பார்கள், அந்த மெஷினின் வேகம் பிழை என்று நினைத்தேன். வேகத்தைக் கூட்டித் தாளோடு பொருத்தினேன். பத்து நிமிட வேலை. இரைச்சலை மென்பொருள் தானே கண்டுபிடித்து நீக்கியது. அது எந்த எண்ணில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. நாலு பத்து ரயிலைப் பிடித்தேன்.

மெஷினின் வேகம் பிழை இல்லை. நான் தொடும் முன் அந்தச் சுருளின் இரைச்சல் சரியாக ஐம்பதில் இருந்தது. என் கைபட்டுத்தான் ஐம்பத்து மூன்றுக்கு ஏறியது. இரைச்சல் ஏறிய அளவுதான் குரலும் ஏறியது. நீ சொல்லும் பளிச்சும், கம்பியும், கெதியான அதிர்வும் எல்லாம் அதுதான். ஒரு கிழவரின் குரலை இழுத்து ஓடவிட்டால் அப்படித்தான் ஒலிக்கும். எந்தத் தொண்டையாலும் வராது. அவர் தொண்டையாலும் வரவில்லை.

இன்னும் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் கைதட்டல், இருமல், யாரோ கதைக்கும் சத்தம் என்று திரையில் அலைவடிவத்தைப் பார்த்தே நாற்பது செக்கனை வெட்டியிருந்தேன். கேட்கவில்லை. இப்போது மூலச் சுருளில் கேட்டேன். கதைப்பது ஹாலிங்கர். 'இந்தப் பாட்டை அரைப்படி இறக்கிப் பாடப் போகிறேன், ஏணி பழசாகிவிட்டது' என்று சொல்கிறார். சனம் சிரிக்கிறது. அவர் ஒளிக்கவே இல்லை. அதை வெட்டியது நான்.

இது எனக்கு ஜனவரி 20ஆம் தேதியே தெரியும். உனக்கு எழுதியதற்கு முதல் நாள். முதலாளியிடம் சொன்னேன். "ஏப்ரல் வரைக்கும் வாயை மூடு, அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்துவோம்" என்றார். மூடினேன். ஒரு மாதம். விருதுக்காக.

அந்த நோட்டை எடுக்காதே. டொக்டரிடம் போ. பாட்டை மாற்று. இரண்டு கிழமை இருக்கிறது.

மற்றப் பாதி மன்னிப்பும் இத்தோடு.

ஹரிசன்


தோர்ண்டன் ஹீத்
27 பெப்ரவரி 2025

கிருசா,

பதில் இல்லாததால் நேற்றுப் பின்னேரம் சட்டனுக்கு வந்தேன். பெரியம்மா கதவைப் பாதி திறந்து கொண்டு நின்றார்.

"அவன் ஆரையும் பாக்கமாட்டானாம். குறை நினைக்காதை."

"என்ர கடிதம் வந்ததோ, பெரியம்மா?"

"ஓம், வந்தது. உன்ர கடிதம் வந்தால் ஏழாந்தேதிக்குப் பிறகு தா எண்டு சொல்லிப்போட்டான். சாமிப்படத்துக்குக் கீழ வைச்சிருக்கிறன். அவன்ர விண்ணப்பம், இந்த நாட்டு பாஸ்போட் எல்லாம் அங்க வைச்சுத்தானே எடுத்தனாங்கள். நல்லதாத்தான் முடியும்."

கதவிடுக்கால் தெரிந்தது. படத்துக்குக் கீழே, விபூதித் தட்டில் சாய்ந்தபடி என் கடித உறை. மேலே ஒரு செவ்வரத்தம்பூ.

"இப்பவே குடுங்கோ, பெரியம்மா. அவசரம்."

"என்ன அவசரம்? என்னட்டச் சொல்லன்."

அவருக்குப் பின்னால் பிரிட்ஜில் என் படம் ஒட்டியிருந்தது. விருதுப் பட்டியல் வந்த பத்திரிகைத் துண்டு. "நீ செய்த டிஸ்க்கைத்தானடா அவன் நாள் முழுக்கப் போடுறான். உன்னாலதான் அவனுக்கு ஒரு வழி திறந்தது" என்றார்.

அந்த நேரம் மேல்மாடியில் நீ அதை எடுத்தாய். எனக்குக் கருவி தேவைப்படவில்லை. ஜி, சரியாக ஜி. அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மெல்லிய தாளை மெதுவாகக் கிழிப்பது மாதிரி. பெரியம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

ஒரு வசனம் போதும். 'அந்த டிஸ்க் பிழை, பெரியம்மா.' நாலு சொல். அதற்குப் பதிலாக, "கடிதத்தை மறக்காமல் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

அதனால் திரும்ப எழுதுகிறேன். இதுவும் பூவுக்குக் கீழேதான் போகும் என்று தெரியும். உறையின் வெளியே பெரிதாக 'பாடாதே' என்று எழுதுகிறேன். பெரியம்மா வாசிக்கட்டும்.

ஹரிசன்


சட்டன்
10 மார்ச் 2025

ஹரிசன் அண்ணா,

இரண்டு கடிதமும் சனிக்கிழமை திறந்தேன். அம்மா 'பாடாதே'யைப் பார்த்தாராம். பொறாமையில் எழுதியிருக்கிறாய் என்று நினைத்து, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பி வைத்தாராம். அவரை ஒன்றும் சொல்லாதே. என்னிடமிருந்து கேட்டதைத்தான் அவர் நம்பினார்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீளமான அறை, மேசையில் நாலு பேர். முதல் பாட்டு முடிந்ததும் அதில் ஒரு பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல சகுனம். இரண்டாவது, உன் பாட்டு. ஏறினேன். ஜி-யைத் தொட்டேன். ஒரு செக்கன் நின்றது. பிறகு நோவே இல்லாமல், யாரோ பைப்பைப் பூட்டினது மாதிரி, ஒன்றும் இல்லை. வாய் திறந்திருந்தது. பியானோ மட்டும் இன்னும் இரண்டு வரி போனது. வாசித்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பாட்டினார். தண்ணீர் கொண்டு வந்தார்கள். துப்பியபோது சிவப்பு.

நாளை ஒப்பரேசன். புள்ளி வெடித்துவிட்டது. குரல் வரும் என்கிறார்கள். எந்தக் குரல் என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தில் எல்லாவற்றையும் வாசித்தேன். வெள்ளி மூன்றரை மணி, நாலு பத்து ரயில், ஜனவரி 20. ஆனால் ஒரு வசனத்தில்தான் திரும்பத் திரும்ப நிற்கிறேன். 'எஃப் ஷார்ப் பாடினார்.'

எஃப் ஷார்ப் என்னிடம் இருந்தது, அண்ணா. அவர் உண்மையாகப் பாடிய அந்த நோட் இருபத்திரண்டு வயதிலிருந்து என்னிடம் சும்மா இருந்தது.

கிருசாந்தன்


தோர்ண்டன் ஹீத்
14 மார்ச் 2025

கிருசா,

செவ்வாய் நல்லபடி முடிந்தது என்று அம்மா சொன்னார். 'நல்லபடி' என்பதும் அளவு இல்லை. ஆனால் கேட்கிற உரிமை எனக்கில்லை.

விருதுக் குழுவுக்கு உண்மையை எழுதிவிட்டேன். இறுவட்டு கடைகளிலிருந்து திரும்புகிறது. முதலாளி என்னைப் போகச் சொன்னார். நான் ஏற்கெனவே பையை எடுத்துவிட்டேன். இதையெல்லாம் உனக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். உனக்காகச் செய்யவேண்டிய நாள் ஜனவரி 20.

இத்தோடு ஒரு இறுவட்டு அனுப்புகிறேன். ஹாலிங்கர் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் குட்மேய்ஸில் பெரியம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாள் மண்டபத்தில் நீ பாடியது. நான் மைக் வைத்துப் பதிந்தேன், நினைவிருக்கிறதா? மாமிமார் றோல்ஸ் கடிக்கிற சத்தமும் இருக்கிறது. அதில் ஓர் எஃப் ஷார்ப் இருக்கிறது. இரைச்சல் ஐம்பதில் நிற்கிறது. மூன்று தரம் அளந்தேன். எதையும் நீக்கவில்லை. எதையும் வெட்டவில்லை.

உன் குரல் உலகத்தில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. வேறு என்ன அனுப்புவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஹரிசன்


சட்டன்
6 ஏப்ரல் 2025

ஹரிசன் அண்ணா,

உன் இறுவட்டு வந்தது. சாமிப்படத்துக்குக் கீழே இருக்கிறது. இந்த முறை அங்கே வைக்கச் சொன்னது நான். திறக்கவில்லை. எப்போது திறப்பேன் என்று தெரியாது, கேட்காதே.

வாட்ஸ்அப் தடையை எடுத்துவிட்டேன். ஆனால் நீ போன் எடுக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று கிழமை முடிந்து, நேற்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் கதைக்கலாம் என்று குரல் பயிற்சி தரும் பிள்ளை சொன்னா. முதல் சொல்லை அம்மாவுக்கென்று வைத்திருந்தேன். அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். நான் பின்னால் போய் நின்று, மெதுவாக, "அம்மா" என்றேன்.

அம்மா கத்தியை வைத்தார். கையைத் துடைத்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் பார்த்தார்.

கிருசாந்தன்